இராசசிங்கனும் அரிட்ட கீவெண்டு பெருமாளும்

1594ஆம் ஆண்டு இலண்டன் நகரில் ஒரு நாடகநூல் அச்சாகி விற்பனைக்கு வந்தது. 'இரண்டாம் எட்வேர்ட்' என்பது அதன் பெயர். கிறிஸ்தோபர் மார்லோ என்னும் கவிஞர் அதனை ஆக்கியவர். முந்திய ஆண்டே அவர் ஒரு கைகலப்பிற் கத்திக்குத்துண்டு இறந்துபோனமையால், தம் நூலை அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தனக்கு உகந்த நண்பன் ஒருவன் பொருட்டுத் தன் பிரபுக்களைப் பகைத்து, ஈற்றில் முடியையும் உயிரையும் இழந்த ஓர் ஆங்கில மன்னனின் கதையே அந்நாடகம்.

அதே 1594ஆம் ஆண்டில், இந்த இலங்கைத் தீவிலே, கண்டி நாட்டுக்குப் படையெடுத்துச் சென்ற போர்த்துக்கேயரின் பாசறையில் ஒருவன் குத்துவாளுக்கு இரையானான். அவன் தென்னிந்தியாவிலிருந்து வந்தவன். சீதாவக்கை மன்னன் முதலாம் இராசசிங்கனுக்கு நெருங்கிய துணைவனாய் இருந்தவன். அவன் பெயரைச் சிங்கள மரபு அரிட்ட கீவெண்டு பெருமாள் என்று காத்து வைத்திருக்கிறது. இந்த இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் ஒரு பயனுண்டு. அதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஆங்கில மன்னனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியர்ஸ் கவெஸ்டன் என்பவன் பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஸ்கனி நாட்டு வீரன். அக்காலத்தில் கஸ்கனி ஆங்கில மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆதலால் அவனை முற்றிலும் அந்நியன் என்பதும் பொருந்தாது. இளவரசன் எட்வேர்டின் இல்லத்தில் அவனை அமர்த்தியவன் தந்தையாகிய முதலாம் எட்வேர்டே. பின்னர் 1307ஆம் ஆண்டில் அதே தந்தை அவனை நாடு கடத்தினான். அவ்வாண்டு ஜூலை மாதம் தந்தை இறந்தான். மகன் முடி சூடுமுன்னரே கவெஸ்டனைத் திருப்பி அழைத்து, கோர்ன்வால் என்னும் பெருநிலத்துக்குப் பிரபுவாக்கி, தன் உடன்பிறந்தாளின் மகளையே அவனுக்கு மணம் முடித்து வைத்தான். அரசகுமாரர்க்கே உரியதென்று கருதப்பட்ட பட்டம் அது. பிரபுக்கள் கொதித்தனர். கவெஸ்டனோ அவர்களுக்கு இழிவான பட்டப்பெயர்களைச் சூட்டி நகைத்தான். மூன்று முறை நாடு கடத்தப்பட்டு மூன்று முறையும் மீண்டு வந்தவனை, 1312 ஜூன் 19ஆம் நாள், உயிருக்கு உறுதி தந்து சிறைப்படுத்திய பின்னரும், வழியிலே பறித்துச் சென்று பிளாக்லோ என்னும் குன்றில் தலை கொய்தனர்.

இக்கதையை ஆறு நூற்றாண்டுகளாக ஒரே விதமாகவே சொல்லி வந்தார்கள். மதியிழந்த மன்னன், பேராசை பிடித்த தோழன், நாட்டின் நலத்துக்காக வாளெடுத்த பிரபுக்கள் என்பதே அவ்விதம். இருவருக்கும் இடையிலிருந்தது காதலே என்றும், அளவு கடந்த நட்பு என்றும் வாதம் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வரலாற்றாசிரியர் சிலர் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். 1994இல் பியர் சாப்ளே என்னும் அறிஞர், எட்வேர்ட் கவெஸ்டனை இடைவிடாது 'சகோதரன்' என்று அழைத்தமையைச் சுட்டி, அது வெறும் உபசாரச் சொல் அன்று, இருவரும் சபதஞ்செய்து உடன்பிறப்புரிமை பூண்டவர்கள் என்று வாதிட்டார். அவர் முடிபை எல்லாரும் ஏற்றுக்கொண்டாரல்லர். ஆயினும் அந்தக் கேள்வி பயன் தந்தது. கவெஸ்டன் 1308இல் அயர்லாந்தை ஆள அனுப்பப்பட்டபோது அங்கே திறமையுடன் பணியாற்றினான் என்பதும், தந்தை விட்டுச் சென்ற ஏறக்குறைய 200,000 பவுண் கடனும் முடியாத ஸ்கொத்லாந்துப் போருமே மகனின் அரசை நெருக்கின என்பதும் அதன்பின் கவனத்துக்கு வந்தன. நாடு கெட்டதற்கு ஒரு தோழனே காரணம் என்று எழுதுவது எழுதுவோர்க்கு எளிது. அவனுக்காகப் பரிந்து பேச யாருமில்லை.

இந்த இடத்திலிருந்து நம் நாட்டுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம்மிற் பலர் அவிசாவளைக்குப் பல முறை போயிருப்போம். இரத்தினபுரிக்கோ சிவனொளிபாத மலைக்கோ போகும் வழியில் ஒரு தேநீருக்காக அங்கே இறங்கியிருப்போம். அந்த ஊரே சீதாவக்கை. 1521ஆம் ஆண்டு கோட்டை அரசன் விசயபாகுவை அவன் புதல்வர் மூவரும் கொல்வித்து, நாட்டை மூன்றாகப் பங்கிட்டபோது, இளையவனாகிய மாயாதுன்னைக்குக் கிடைத்த பங்கு அது. போர்த்துக்கேயரின் துணையை நாடிய கோட்டையரசுக்கு எதிராக மாயாதுன்னை அறுபது ஆண்டுகள் போராடினான். அவன் மகனே இராசசிங்கன். முல்லேரியாச் சதுப்பு நிலத்திற் போர்த்துக்கேயரை முறியடித்த இளைஞன் அவன். 1565இல் பறங்கியர் கோட்டை நகரைக் கைவிட்டுக் கொழும்பின் மதில்களுக்குள்ளே ஒடுங்க நேர்ந்தது அவன் கையால்தான். 1581இல் முடி சூடினான். கண்டியையும் வென்றான். 1587ஆம் ஆண்டு பெரும்படையுடன் கொழும்பை முற்றுகையிட்டு, கோட்டைக்கு அரணாயிருந்த ஏரியின் நீரைக் கால்வாய் வெட்டி வடித்து, மதிலுக்கு அடியிற் சுரங்கமும் தோண்டினான். கடல் வழி அவன் கையில் இல்லாமையால் முற்றுகை பயனின்றி முடிந்தது. அம்முற்றுகையிலிருந்து அவன் கவனத்தைத் திருப்பவே போர்த்துக்கேயர் 1588இல் தென்கரையிறங்கித் தெவிநுவரைப் பெருங்கோயிலை இடித்தனர்.

இத்தகைய மன்னன் புத்த சமயத்தைக் கைவிட்டுச் சைவனானான் என்பதும், அவ்வாறு அவனை மாற்றியவன் கடல் கடந்து வந்த பெருமாளே என்பதும் நாம் கேட்டுப் பழகிய கதை. கதை இப்படிப் போகிறது. இராசசிங்கன் தந்தையைக் கொன்றான். பாவம் நீங்க வழி யாதென்று பிக்குகளைக் கேட்டான். தந்தையைக் கொன்ற பாவத்துக்கு நீக்கமில்லை என்றனர் அவர்கள். சீற்றமுற்ற மன்னன் சைவத் துறவிகளைக் கேட்டான். உண்டு என்றனர் இவர்கள். மன்னன் திருநீறு பூசினான், விகாரைகளை அழித்தான், ஏடுகளை எரித்தான், சிவனொளிபாத மலையின் வருவாயைச் சைவத் துறவிகளுக்கு ஒப்படைத்தான். பெருமாளோ மன்னனின் முழு நம்பிக்கைக்கும் உரியவனாகி, மன்னம்பெரும மொகொட்டால என்ற சிங்களப் பட்டப்பெயரும், அரசியரில் ஒருத்தியின் தங்கையை மனைவியாகவும் பெற்றான் என்பர். விகாரை நிலங்களை மீளப் பெறுமாறு அறிவுரை கூறியவனும் அவனே என்பர். ஆண்டிக் கோலத்தில் வந்தவன் என்று வழங்கும் கதையும் உண்டு. தாழ்ந்த பிறப்பினன் என்ற இகழ்ச்சியும் அவன்மேல் வீசப்பட்டது.

இதை நான் ஒரு முறை வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், அப்ப அந்த ராசாவைக் கெடுத்தது எங்கட ஆள்தானே?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை என்பதால் அந்தக் கேள்வியை இன்னும் மறவாதிருக்கிறேன். ஒரு தனி மனிதன் மேற் சுமத்திய பழி நானூறு ஆண்டு கழித்துப் பாடசாலை வாங்கிலிருக்கும் ஒரு பிள்ளையின் தோளில் வந்து அமருமாயின், அப்பழி எங்கிருந்து புறப்பட்டது என்று ஆராய்வது ஆசிரியர் கடன்.

சான்று கூறுவோர் யாவர் என்று பார்ப்போம். தந்தைக்கொலையையும் திருநீற்றையும் ஏடெரிப்பையும் கூறுவது சூளவம்சம். அந்நூலின் இப்பகுதி இராசசிங்கன் காலத்தில் எழுதப்பட்டதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், கண்டியிலே, கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் எழுதப்பட்டது. கண்டியரசை மீண்டும் நிலைநாட்டிய விமலதர்மசூரியன் சீதாவக்கை மன்னனின் கொடிய பகைவன் என்பது முதலில் நினைவிற் கொள்ளத் தக்கது. இன்னொரு செய்தி அதைவிடச் சுவையானது. கீர்த்தி சிறீ தென்னிந்திய நாயக்கர் குடியிற் பிறந்தவன். சைவச் சூழலில் வளர்ந்தவன். ஆயினும் புத்த சமயத்துக்கு அவன் ஆற்றிய தொண்டு பெரிது. 1753இல் சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதை முறையை மீண்டும் நிலைநாட்டியவன் அவனே. இருந்தும் 1760இல் அவனைக் கொல்ல ஒரு சதி நடந்தது. பிரபுக்களிற் சிலரும் பிக்குகளிற் சிலரும் அதிற் பங்குகொண்டனர். அவன் நெற்றியில் நீறு பூசுவதை விடவில்லை என்பது அவன்மேல் இருந்த குறைகளில் ஒன்று.

அந்த அரண்மனை நிழலிலே இருந்துகொண்டு, நீறு பூசிய பழைய மன்னன் ஒருவனின் கேட்டை எழுதுபவர் வெறும் பழங்கதையையா எழுதுகிறார்? தம் காலத்து மன்னனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையையும் அதனுட் பொதிந்து வைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாற் சூளவம்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. விமலதர்மசூரியன் ஆட்சிக்கு வந்தபோது முறைப்படி உபசம்பதை செய்து வைக்கப் போதிய பிக்குகள் இல்லாமல், அரக்கான் நாட்டிலிருந்து அவர்களை அழைப்பிக்க நேர்ந்தது. சங்கம் சிதைந்திருந்தது உண்மை. பல்லாண்டுப் போரும் அதற்குக் காரணம், மன்னன் சினமும் காரணம். தந்தைக்கொலை மட்டும் எனக்கு ஐயத்துக்கு இடமானதாகவே படுகிறது. 1521 முதல் ஆண்ட மாயாதுன்னை 1581இல் எத்தனை முதியவன்! போரையும் படையையும் ஏற்கெனவே தன் கையில் வைத்திருந்த மகனுக்கு, சாவின் வாயிலில் நின்ற கிழவனைக் கொன்று ஆவதென்ன?

இரண்டாவது சான்று போர்த்துக்கேயருடையது. அவற்றுள் விரிவானது பெர்னாவ் டி கேரோஸ் என்னும் இயேசுசபைக் குரு கோவாவிலிருந்து எழுதி 1687இல் முடித்த பெருநூல். அருட்திரு எஸ். ஜி. பெரேரா அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1930இல் கொழும்பில் வெளியாயிற்று. கேரோஸ் எழுதும்போது இலங்கை போர்த்துக்கேயர் கைவிட்டுப் போய் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கே பிழைத்தோம் என்ற ஏக்கம் அந்நூல் முழுதும் ஒலிக்கிறது. தோல்விகளுக்குத் துரோகியைத் தேடும் மனநிலை அது. சிங்களத்தில் உள்ள இராசாவலிய என்னும் நூல் இவ்விரண்டினும் வேறு. மன்னனின் போர்களைப் பெருமிதத்தோடு விரித்துரைப்பது அது. நம் பெருமாளின் வாழ்வை அரசியற் கதையாகவே சொல்கிறது.

இனி, மன்னன் ஏன் ஒரு பிறநாட்டானைத் தேடினான் என்ற கேள்வி. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில், சுற்றமற்றவரை நம்பித் தெளிவதைத் தவிர்க்கச் சொல்கிறார். பற்றுக்கோடு இல்லாதவர் பழிக்கு அஞ்சார் என்பது அவர் காட்டும் காரணம். குடிகள் நடுவே வாழும் அரசனுக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் சீதாவக்கை அரசகுடியின் சுற்றத்தைப் பாருங்கள். அந்த அரசு பிறந்ததே மூன்று புதல்வர் தந்தையைக் கொல்வித்த இரவில். பெரிய தந்தையின் பேரன் தர்மபாலன் பறங்கியரின் காவலில் கொழும்பிலே கோட்டை அரசன் என்ற பெயரோடு இருந்து, 1580இல் முழு நாட்டையும் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான். கண்டி அரசகுடியில் வந்த வீரசுந்தர பண்டாரத்தை இராசசிங்கன் வஞ்சகமாய்க் கொல்வித்தான். அவன் மகன் கொனப்பு பண்டார தப்பியோடி, போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் அவர்களையும் ஏய்த்து விமலதர்மசூரியனாய் எழுந்தான். இந்நிலையில் உறவினன் என்றால் முடிக்கு உரிமை கோருபவன் என்றே பொருள். சுற்றமற்றவன் ஒருவனே மன்னனுக்கு அச்சந் தராத துணை. அவன் பெறும் நிலமும் பட்டமும் மனைவியும் மன்னன் தந்தவை. மன்னன் வீழ்ந்தால் அவனும் வீழ்வான். கவெஸ்டனை எட்வேர்ட் நம்பியதற்கும் இதனின் வேறான காரணம் தேட வேண்டுவதில்லை. வள்ளுவர் குறையென்று கண்டதையே மன்னர் தேடிப்போனார்கள்.

தென்னிந்தியன் ஒருவன் சீதாவக்கையில் இருப்பதும் அன்று வியப்பன்று. மாயாதுன்னை கோழிக்கோட்டுச் சாமூதிரியின் துணையை நாடியவன். அவனுக்கு உதவ வந்த மலையாளக் கடற்படையைப் போர்த்துக்கேயர் 1538இல் வேதாளைக் கரையில் அழித்தனர். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் பறங்கியரை எதிர்ப்போர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். போர்வீரரும் வணிகரும் துறவியரும் இடையறாது கடந்து சென்ற நீர்வழி அது.

சமயம் மாறியதும் அத்தனை திடீர் நிகழ்ச்சியன்று. புத்த சமயம் பேணிய கோட்டை மன்னர் தேவாலயங்களையும் பேணினர். ஆறாம் பராக்கிரமபாகு முன்னேசுவரத்துக்கு மானியம் அளித்தவன். இராசசிங்கன் காலத்தில் சீதாவக்கையிலே வாழ்ந்த சிங்களப் புலவர் அலகியவன்ன, சேவலைத் தூது விடுத்துப் பாடிய 'சவுல் சந்தேசய' என்னும் நூலில் அம்மன்னனைப் புகழ்கிறார், அவன் நகரை வருணிக்கிறார், இரத்தினபுரியிலுள்ள சமன் தேவாலயத்துக்கு வேண்டுதல் அனுப்புகிறார். சாதகக் கதைகளைப் பாடிய பௌத்தப் புலவர் அவர். விகாரையெல்லாம் எரியும் நகரிலிருந்தா ஒருவர் அப்படிப் பாடுவார்? இன்னொன்றும் உண்டு. கோட்டையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புனித தந்ததாது, குருவிட்டைக்கு அருகே தெல்கமுவ விகாரையில் வைக்கப்பட்டிருந்தது என்பதும், அங்கிருந்தே விமலதர்மசூரியன் அதனைக் கண்டிக்குக் கொண்டுபோனான் என்பதும் பௌத்த மரபு. தெல்கமுவ சீதாவக்கை நாட்டின் உள்ளே இருப்பது. தாது மன்னனுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது என்பார் ஒரு சாரார். தன் நாட்டில் இருந்ததைப் பல்லாண்டு அறியாதிருக்க இராசசிங்கன் அவ்வளவு அயர்ந்தவனா என்று நான் கேட்பேன்.

விகாரை நிலங்கள் பறிக்கப்பட்டதையும் போரோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். நிலமே அன்று படைஞனுக்கு ஊதியம். நாற்பதாண்டு ஓயாது போர் செய்த அரசுக்கு மேன்மேலும் நிலம் தேவைப்பட்டது. விகாரைகளின் நிலமோ பெரிது, வரியற்றது. இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்து நிலத்தைக் கவர்ந்து 50 ஆண்டுகூட அப்போது கடந்திருக்கவில்லை. அங்கே தோமஸ் குரொம்வெல் என்னும் அமைச்சன்மேற் பழி விழுந்தது; இங்கே பெருமாள்மேல் விழுந்தது. அறிவுரை கூறியவன் பெருமாளாகவே இருக்கலாம். ஆயினும், தேவை மன்னனுடையது, ஆணையும் மன்னனுடையது.

மன்னனுக்கும் பெருமாளுக்கும் இருந்த உறவின் உண்மையான அளவை அறிய ஒரு வாய்ப்பு நமக்கு உண்டு. எட்வேர்ட் மன்னனின் கதையில் அவ்வாய்ப்பு இல்லை. கவெஸ்டன் மன்னனுக்கு முன்னே இறந்தான். பெருமாள் மன்னனுக்குப் பின்னும் உயிரோடிருந்தான். 1593இல் இராசசிங்கன் பலனைக் கணவாயில் விமலதர்மசூரியனிடம் தோற்றுத் திரும்புகையில், காலில் மூங்கிற் சிராய் ஏறிப் புண் முற்றி மாண்டான் என்பர். பெருமாள் அரசனை ஆட்டுவித்தவனாயின், இதுவே அவன் அரசைக் கைப்பற்ற உகந்த வேளை. நடந்தது யாது? அடுத்து வந்த அரசன் விரைவிலே கொலையுண்டான். நிகபிட்டியே பண்டார என்னும் சிறுவனை அரியணையில் வைத்து, இராசசிங்கனின் முதிய சகோதரி பின்னின்று ஆண்டாள். பெருமாள் அரசகுடியிற் பெண் கேட்டான் என்றும், மறுக்கப்பட்டான் என்றும் கதை. கேட்டது அவன் பேராசை என்றே எழுதுவோர் எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அதில் அச்சமே தெரிகிறது. தன்னை வெறுக்கும் பிரபுக்கள் நடுவே, காத்தவன் போனபின், குடும்ப உறவு ஒன்றுதான் அவனுக்கு அரணாயிருந்திருக்கும். அது கிடைக்காதபோது கொழும்புக்குத் தூது விட்டான். இராசசிங்கன் வாழ்நாளெல்லாம் எதிர்த்த போர்த்துக்கேயரோடு சேர்ந்து, ஜயவீர பண்டார என்ற புதுப்பெயரும் பூண்டு, சீதாவக்கையை வீழ்த்தத் துணை போனான். சிறுவன் சிறைப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, போர்த்துக்கல்லுக்கு அனுப்பப்பட்டான்.

இதனை மறைத்து அவனை நல்லவனாக்க நான் முயலமாட்டேன். தன்னை ஆளாக்கிய வீட்டுக்கே தீ வைத்தான். என் மாணவன் "எங்கட ஆள்" என்று சொன்னபோது, அவன் வீரனென்று காட்டித் தேற்றலாமா என்ற சபலம் எனக்கும் எழுந்ததுண்டு, அது பொய்யாகும். வேறு சிலர் செய்தார்கள் என்று சமாதானமும் சொல்லலாம். கொனப்பு பண்டாரவும் ஒருகாலத்திற் பறங்கியர் பக்கம் நின்றவன்தான். தர்மபாலன் நாட்டையே எழுதிக் கொடுத்தவன். அலகியவன்னவும் பின்னாளிற் போர்த்துக்கேயரிடம் பணியேற்று 1612இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்த நூற்றாண்டில் கை மாறாதவர் சிலரே. ஆனால் மற்றவர் கை மாறியபோது அவர்கள் பிறந்த இடத்தைச் சொல்லி யாரும் காரணங் காட்டவில்லை. பெருமாளுக்கு மட்டுமே அந்தக் காரணம் ஒட்டிக்கொண்டது.

முடிவு விரைவில் வந்தது. 1594இல் தளபதி பெத்ரோ லோப்பெஸ் டி சூசா, கண்டி அரசகுமாரி தோனா கதரீனாவை அரியணை ஏற்றுவதற்காகப் படையோடு மலைநாடு ஏறினான். பெருமாளின் கீழ் இருந்த உள்நாட்டு வீரரே அப்படையின் பெரும்பகுதி. அரசகுமாரியை மணக்கப் பெருமாள் விரும்பினான் என்பர். பறங்கியரோ அவளைத் தம்மவன் ஒருவனுக்கே மணமுடிக்க எண்ணியிருந்தனர். இருபாலும் ஐயம் வளர்ந்தது. விமலதர்மசூரியன் அதனை நன்கறிந்தான். அவனும் பெருமாளும் சதி செய்வது போன்று ஒரு பொய்க் கடிதம் புனைந்து, அது போர்த்துக்கேயர் கையிற் சிக்குமாறு செய்தான். விசாரணை இல்லை, மறுமொழி கேட்கவும் இல்லை. பெருமாள் அங்கேயே குத்திக் கொல்லப்பட்டான். அதனைக் கண்ட அவன் வீரர்கள் கூட்டங்கூட்டமாய்ப் பிரிந்து போனார்கள். ஒக்டோபர் மாதம் தந்துரையில் எஞ்சிய போர்த்துக்கேயப் படை அடியோடு அழிந்தது, தளபதியும் மாண்டான். தோனா கதரீனா விமலதர்மசூரியனுக்கு அரசியானாள். அதன்பின் கண்டியரசு 1815ஆம் ஆண்டுவரை, 220 ஆண்டுகள், பணியாது நின்றது.

கவெஸ்டனைப் போலவே அவனும், காவல் தர வேண்டியவர் கையாலே செத்தான். அவனைக் கொன்ற கடிதம் பொய்யென்று போர்த்துக்கேயரே பின்னர் எழுதி வைத்தார்கள். மன்னன் இறந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் நாடின்றி, பெயர் மாறி, மனைவழி உறவும் பயன்படாது மடிந்த ஒருவன், அந்த மன்னனை ஆட்டுவித்திருப்பான் என்று என்னால் நம்ப இயலவில்லை. ஆட்டுவித்தவனுக்கு ஓர் ஆள் கூட்டம் இருந்திருக்கும். மன்னனுக்குப் பின்னும் அவனைத் தாங்கும் ஒரு கட்சி இருந்திருக்கும். பெருமாளுக்கு இருந்தது இராசசிங்கன் ஒருவனே. மன்னனின் கைக்கருவி அவன். கருவியின் பெயராற் கையின் செயலை எழுதிவிட்டார்கள். இதனைச் சொல்லும்போது இராசசிங்கனை நான் சிறுமைப்படுத்துவதாக யாரும் எண்ணல் வேண்டா. கொழும்பு ஏரியை வடித்த மன்னன், ஓர் ஆண்டியின் சொல்லுக்கு ஆடினான் என்பதே அவனுக்கு இழுக்கு. அவன் செய்த நல்லதும் தீயதும் அவனுடையனவாகவே இருக்கட்டும்.

இங்கிலாந்திலே பிளாக்லோக் குன்றில், கவெஸ்டன் இறந்து 500 ஆண்டுகளுக்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் கற்சிலுவை ஒன்றை நாட்டினார். அதிற் பொறித்த வாசகமும் அவனையும் மன்னனையும் இகழ்ந்தே பேசுகிறது. அவன் இறந்த நாளையும் பிழையாகவே தருகிறது. பெருமாளுக்கு அப்படி ஓர் இகழ்ச்சிக் கல்லும் இல்லை. அவிசாவளையிலே, சீதாவக்கை ஆற்றுக்கு அருகே, பைரவருக்கு எடுத்த கோயில் என்று கருதப்படும் பெரண்டி கோயிலின் அடித்தளம் மட்டும் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் காவலில் இன்றும் அதனைப் பார்க்கலாம். திராவிடப் பாணியில் நுணுக்கமாய்ச் செதுக்கிய கற்கள் அவை. மன்னன் இறந்ததும் வேலை நின்றுபோயிற்று என்று ஊரார் சொல்கிறார்கள். சில தூண்கள் பாதி செதுக்கியபடியே கிடக்கின்றன.